நாலு சுவருக்கும் ஒரே பூச்சு வேண்டாம்: நெல்லைச் சீமையில் வீட்டின் வெளிப்புறத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

சென்ட்ரிங் பிரித்து உள்பூச்சு தொடங்குகிற நேரத்தில் வீடு கட்டுகிறவருக்கு ஒரு நோய் வரும். ராத்திரி பன்னிரண்டு மணி வரை போனில் 'எலிவேஷன்' என்கிற வீட்டு முகப்புப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருப்பது. எனக்கும் வந்தது. பாளையங்கோட்டையில் வீடு கட்டியபோது தெருவைப் பார்த்த மேற்குச் சுவர் முழுக்க, பேஸ்மட்டத்திலிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை, சாம்பல் நிற விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டினேன். "மேக்குப் பாத்த சுவரு தம்பி, வெயிலு பூரா இதுலதான் அடிக்கும். டைல்ஸ் நிக்காது. சொல்லுதத சொல்லிட்டேன்" என்றார் கொத்தனார் அண்ணாச்சி. நான் கேட்கவில்லை. மூன்றாம் வருடம் சித்திரையில் ஒரு மத்தியானம் ஆறு டைல்ஸ் சேர்ந்தாற்போல் பெயர்ந்து கீழே நின்ற ஸ்கூட்டர் மேல் விழுந்தன. ஸ்கூட்டரில் ஆள் இல்லை.

அதற்கப்புறம் தென்காசியில் அக்கா வீடு, உவரிப் பக்கம் மாமனார் வீடு என்று இரண்டு வீடுகளின் வெளிவேலையைக் கூடவே நின்று பார்த்தேன். என் வீட்டிலிருந்து இரண்டுக்கும் இரண்டு மணி நேரப் பயணம்கூடக் கிடையாது. ஆனால் ஒன்றில் நன்றாக நிற்கிற பொருள் மற்றொன்றில் நிற்பதில்லை. அவ்வளவு ஏன், ஒரே வீட்டில் கிழக்குச் சுவருக்குச் சரியானது மேற்குச் சுவருக்குச் சரிப்படுவதில்லை. முதல் முறை வீடு கட்டுகிறவர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

'சைடிங்' நமக்குத் தேவையா?

வெளிநாட்டு வீடியோக்களில் பலகை பலகையாக அடுக்கி மாட்டுவார்களே, அதன் பெயர் சைடிங். அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் நிற்பவை. சட்டத்துக்கு மேல் பலகை, அதற்கு மேல் நீர் புகாத ஒரு தாள், கடைசியாக வெயிலையும் மழையையும் வாங்கிக்கொள்ள இந்தச் சைடிங். அது இல்லாவிட்டால் அந்தச் சுவர் சுவரே கிடையாது. நம்முடையது செங்கல் அல்லது பிளாக் சுவர், பூசிவிட்டாலே முடிந்தது.

மழையை ஒரு சுவர் இரண்டு விதமாகச் சமாளிக்கும். சைடிங் ரகத்தில் மேலே மாட்டிய பலகை தண்ணீரைத் தள்ளிவிடும். தப்பி உள்ளே போனது பின்னாலுள்ள இடைவெளியில் வழிந்து காற்றில் காய்ந்துவிடும். நம் சுவரோ மழையில் கொஞ்சம் குடிக்கும், வெயில் வந்ததும் குடித்ததை வெளியே விட்டுவிடும். இப்படிக் குடிக்கிற சுவரின் மேல், இடைவெளி எதுவும் விடாமல், மூச்சு விடாத ஒன்றை ஒட்டிவிட்டால்தான் வம்பு. கைப்பிடிச் சுவரின் உச்சியிலோ ஜன்னல் ஓரத்திலோ ஒரு சின்ன விரிசல் போதும். அதில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்பக்கம் ஓதமாக, அதாவது ஈரக் கசிவாக, வரும். என் வீட்டு டைல்ஸ் விழுந்ததற்கு வெயில் பாதிக் காரணம், இது மீதிப் பாதி.

முதல் வேலை: ஒரு நோட்டும் பேனாவும்

எந்தக் கடைக்கும் போவதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, நான்கு சுவருக்கும் தனித்தனிப் பக்கம் எழுதுங்கள். வெயில் எப்போது படுகிறது, மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, அந்தச் சுவர்ப் பக்கம் சாரம் கட்ட இடம் இருக்கிறதா. இந்த மூன்று போதும்.

வெயில் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் தெற்குச் சுவருக்குத்தான் பயப்படுகிறார்கள். நெல்லை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகைக்கும் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற நாட்களில் உச்சி வெயில் நேரே தலைக்கு மேல் நிற்கும். அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். ஆனியில் மத்தியானம் வெயில் படுவது வடக்குச் சுவரில்தான். ஆனாலும் அப்போது சூரியன் மிக உயரத்தில் இருப்பதால், இரண்டடி சன்ஷேடு இருந்தால் அதன் நிழல் ஏழடிக்கு மேல் கீழே இறங்கிவிடும். மார்கழியில் தெற்குச் சுவருக்கு அதே சன்ஷேடு மூன்றடி நிழல் கொடுக்கும். மேற்குச் சுவரில் இந்தக் கணக்கு எடுபடாது. சாயங்காலம் நாலரை மணிச் சூரியன் சாய்வாக உள்ளே வரும்போது, அந்த இரண்டடி சன்ஷேடு ஓரடி நிழல் தந்தாலே பெரிது. நாள் முழுக்கச் சூடேறிய காற்றுக்கு நடுவில் வருடம் முழுக்க இது நடக்கும். கிழக்குச் சுவருக்கும் அதே சாய்வு வெயில் உண்டு, ஆனால் காலை வெயில். இரவெல்லாம் குளிர்ந்த சுவர் தாங்கிக்கொள்ளும்.

மழைக்கு வந்தால், பாளையங்கோட்டை, நாங்குநேரி, திருச்செந்தூர் எல்லாம் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியவை. வடகிழக்கிலிருந்து வருகிற அந்த மழை கிழக்கு, வடக்குச் சுவர்களில் அறையும். தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் அது போதாதென்று ஆனி ஆடியில் மேற்கிலிருந்து சாரல். சாரல் என்று செல்லமாகச் சொல்கிறோம். சுவருக்கு அது பெருமழையைவிடக் கெடுதல். பெருமழை வழிந்தோடிவிடும். நாள் கணக்கில் தூறிக்கொண்டே இருந்தால் சுவர் காய நேரமே கிடைக்காது. அக்கா வீட்டு மேற்குச் சுவரில் மூன்றே வருடத்தில் பாசி பிடித்துக் கறுத்தது இப்படித்தான்.

சாரம் கட்ட இடம் இருக்கிறதா என்பதை ஏன் கேட்கிறேன் என்றால், பக்கத்து மனை இன்று காலியாகக் கிடக்கும். நாளைக்கு அவர் ஒன்றரை அடி விட்டுச் சுவர் எழுப்பிவிட்டால் அந்தச் சந்துக்குள் பெயிண்டர் போக முடியாது. அந்தப் பக்கச் சுவரை 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்று பூசாமலே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிறகு கை வைக்க முடியாத சுவர் அதுதான் என்பதால், பக்கத்து மனை காலியாக இருக்கும்போதே நீர்த்தடுப்பு மருந்து கலந்து இரண்டு கோட் பூசி முடித்துவிடுங்கள்.

மண்ணும் தண்ணீரும்

கோவில்பட்டி, கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கம் கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அஸ்திவாரம் எவ்வளவு கவனமாகப் போட்டாலும் சுவரில் மயிரிழை விரிசல் வரக்கூடிய ஊர். அங்கே டைல்ஸ், கல் போன்ற விறைப்பான ஒட்டு வேலையைப் பெரிய பரப்பில் செய்யாதீர்கள். விரிசல் விழுந்தால் நிரப்பி, மேலே ஒரு கோட் அடித்து மறைக்கக்கூடிய பூச்சும் பெயிண்டும்தான் அந்த மண்ணுக்கு. பழைய வீடு என்றால், விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் தாண்டியும் விரிசல் அந்தப் பென்சில் கோட்டைக் கடக்காவிட்டால், அப்புறம் மேல்வேலை செய்யலாம்.

கடற்கரை ஊர்களில் எதிரி உப்பு. உவரியில் மாமனார் வீட்டு முன்பக்கம் மரம் போன்ற பலகையைச் சாதாரண ஆணியில் அடித்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் வருடமே ஒவ்வொரு ஆணித் தலையிலிருந்தும் துருக் கோடு ஒழுக ஆரம்பித்தது. கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் எதை மாட்டினாலும், மாட்டுகிற திருகும் கிளிப்பும் 316 தர எவர்சில்வராக இருக்கட்டும். உள்நாட்டில் 304 போதும். கடைக்காரர் 'எஸ்.எஸ்.தான்' என்று மட்டும் சொன்னால் எந்த எண் என்று கேளுங்கள்.

இராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் போர் தண்ணீரே பல இடங்களில் உப்பு. அதைக் கலவைக்கும் நனைப்புக்கும் ஊற்றினால் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும், மேலே அடித்த பெயிண்ட் பொருமி உதிரும். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். கட்டட வேலைக்கான இந்தியத் தர விதிப்படி, கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பூச்சில் கம்பி இல்லைதான், ஆனாலும் நான் அதே அளவைத்தான் பார்ப்பேன். தாண்டினால் பூச்சு வேலைக்கு மட்டுமாவது லாரித் தண்ணீர் வாங்குவது லாபம்.

ஆற்றோரத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் பல தண்ணீரில் நின்றன. அதன்பிறகு பலர் சுவரின் கீழ் மூன்றடிக்குக் கிரானைட்டோ டைல்ஸோ ஒட்டினார்கள். கழுவ வசதிதான். ஆனால் தரையிலிருந்து ஓதம் ஏறுகிற சுவராக இருந்தால், அந்த மூன்றடியை அடைத்ததும் ஈரம் நாலாவது அடிக்கு ஏறும். பேஸ்மட்டத்தின் மேல் ஓதத் தடுப்புப் பட்டை போட்டிருக்கிறார்களா என்று தெரிந்துகொண்டு பிறகு ஒட்டுங்கள்.

சுவர் காய்ந்திருக்கிறதா?

ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளை எடுத்து நான்கு ஓரத்திலும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் உள்பக்கம் நீர்த்துளி கோர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். அதன்மேல் எதைப் பூசினாலும் காசு கரிதான். பழைய சுவர் என்றால் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி கையில் வந்தால், சுரண்டிக் கழுவிப் பிரைமர் அடிக்காமல் புது பெயிண்ட் பிடிக்காது.

இனி பொருள். பூச்சும் பெயிண்டும்தான் முக்கால்வாசி விடை

இதைச் சொன்னால் சப்பென்று இருக்கும். ஆனால் நெல்லைச் சீமையில் பெரும்பாலான வீட்டின் பெரும்பாலான சுவருக்கு, ஒழுங்காகப் பூசி வெளிர் நிறத்தில் எக்ஸ்டீரியர் எமல்ஷன் அடிப்பதைவிட நல்லது கிடையாது. 'ஒழுங்காக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

வெளிப்பூச்சு இரண்டு கோட்டாக, மொத்தம் 20 மில்லிமீட்டர் அளவுக்கு வர வேண்டும். 1:5 கலவை, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல். மணல், கல்லை உடைத்துப் பூச்சுக்கென்று விற்கிற பி-சாண்ட். கான்கிரீட்டுக்கான எம்-சாண்டையே சலித்துப் பூசித் தருகிறேன் என்றால் ஒரு கண்ணாடிக் குவளையில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மேலே மாவு தடிமனாகப் படிந்தால் அந்த லோடு வேண்டாம், பூச்சு வெடிக்கும். தூணும் பீமும் செங்கல் சுவரோடு சேர்கிற கோட்டில் கோழிவலை அடித்து அதன்மேல் பூச வேண்டும். கான்கிரீட் ஒரு மாதிரி விரியும், செங்கல் வேறு மாதிரி விரியும்; வலை இல்லாவிட்டால் அந்தக் கோட்டிலேயே நூல் பிடித்த மாதிரி விரிசல் வரும். தண்ணீர் ஊற்றிய கலவை அரை மணிக்குள் சுவருக்குப் போய்விட வேண்டும். டீ குடித்து வந்து மறுபடி தண்ணீர் தெளித்துக் கிளறுகிற பழக்கம் எல்லா சைட்டிலும் உண்டு. பக்கத்தில் நின்றால் அது நடக்காது.

பூச்சை ஏழு நாளாவது நனைக்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பூச்சில் இருக்கிற ஈரம் எம்மாத்திரம். ஆடியில் மேற்குச் சுவரைப் பூசினால் பூசின சாயங்காலமே பாளம் பாளமாக வெடிக்கத் தொடங்கும். வேறு வழியில்லையென்றால் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். என் வரிசை இது: தை, மாசியில் பூச்சு, பங்குனியில் பெயிண்ட். பூச்சுக்கும் பெயிண்டுக்கும் இடையே 28 நாள். 'பத்து நாள் போதும் சார்' என்கிற பெயிண்டருக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது என்று பொருள்.

பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கத் தேய்க்கிற மாவுப் பூச்சுதான் பட்டி. வெளியில் அது வேண்டுமா என்பதில் சண்டையே நடக்கும். என் கட்சி, வேண்டாம். பட்டி பார்த்தால் சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும், உண்மை. ஆனால் ஈரம் சிக்கினால் பெயிண்டோடு பட்டியும் சேர்ந்து அப்பளமாக உரியும். மணியாஸ் கட்டையால் (பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்துகிற கட்டை) தேய்த்த சுவரில் சிமெண்டின் காரத்தைத் தாங்கும் பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட். முன்பக்கம் மட்டும் வழவழப்பு வேண்டுமென்று வீட்டில் அடம் பிடித்தால் அங்கே மட்டும் வெளிச்சுவர்ப் பட்டி போட்டுக்கொள்ளுங்கள்.

நிறம் என்று வந்தால் மேற்குச் சுவருக்கு வெள்ளை, தந்தம், வெளிர் மஞ்சள். அடர் நிறம் வெயிலைக் குடிக்கும்; ராத்திரி பத்து மணிக்கும் அந்தச் சுவரை ஒட்டிய கட்டிலில் படுக்க முடியாது. தென்காசிப் பக்கம் பாசி, பூஞ்சை எதிர்ப்பு என்று குறித்த எமல்ஷனை வாங்குங்கள். டெக்ஸ்சர் என்கிற மேடு பள்ளமான பூச்சு அழகுதான், ஆனால் அதன் பள்ளங்களில் தேரிப் பக்கம் செம்மண் தூசியும் சாரல் பக்கம் பாசியும் குடியேறும். ஆசைப்பட்டால் ஒரு துண்டுச் சுவருக்கு, அதுவும் மெல்லிய ரகம்.

செங்கல், கல், டைல்ஸ்

பூசாமல் செங்கலையே காட்டும் சுவர் நம் வெயிலுக்கு நன்றாகப் பொருந்தும். மூச்சு விடும், பெயிண்ட் செலவு கிடையாது. செங்கல் தரமாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஐந்து கல்லைக் காயவைத்து எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறினால் அந்தச் சூளைக் கல்லை வெளியே காட்டாதீர்கள். இயந்திரத்தில் பிதுக்கிக் கம்பியால் அறுத்த ஒயர்கட் செங்கல் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறும், விலையும் கூடுதல். கல்லுக்குக் கல் இடையே சந்து பூசுகிற கொத்தனார் கை நிதானமானவராக இருக்க வேண்டும். நீங்கள் தருவது கூலியில்லை, அவருடைய பொறுமைக்கு விலை. புளியரை தாண்டிக் கேரளத்திலிருந்து வருகிற வெட்டுக்கல் பட்டைகள் இப்போது செங்கோட்டைப் பக்கம் மோஸ்தர். காய்ந்த ஊரில் அழகாக நிற்கும். தண்ணீர் நிறையக் குடிக்கிற கல் என்பதால் சாரல் சுவரில் சீக்கிரம் பச்சை பிடிக்கும்.

ஒட்டுகிற கல்லுக்கு எடைக் கணக்கு முதலில். 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு ஐந்து கிலோ வரும். முன்சுவரில் 400 சதுர அடி ஒட்டினால் இரண்டு டன் தொங்குகிறது என்று பொருள். ஆளுயரத்துக்கு மேல் வெறும் பசையை நம்பாமல் எவர்சில்வர் கிளாம்ப் வைக்கச் சொல்லுங்கள். கிளாம்ப் என்றதும் 'தேவையில்லை சார்' என்கிற காண்டிராக்டரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கடப்பாக் கல்லை வெளிச்சுவரில் நான் விரும்புவதில்லை. கறுப்பு, மேற்கு வெயிலில் தோசைக்கல்.

டைல்ஸ் ஒட்டியே தீர வேண்டுமென்றால் வடக்குப் பார்த்த சுவரிலோ, சன்ஷேடுக்குக் கீழே நிழல் விழுகிற இடத்திலோ. விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது. அதனால் சிமெண்ட் பால் அதற்குள் இறங்கிப் பிடிக்கவே பிடிக்காது. வெளிச்சுவருக்கு என்று மூட்டையில் குறித்திருக்கும் பசைதான் வேண்டும். பசையைச் சுவரில் பல் கரணையால் இழுத்து, டைல்ஸின் முதுகிலும் தடவி ஒட்ட வேண்டும். என் வீட்டில் முதுகில் ஐந்து உருண்டை வைத்து அப்பினார்கள். உருண்டைகளுக்கு நடுவே தண்ணீர் தங்கியது. டைல்ஸுக்கு டைல்ஸ் மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள், வெயிலில் விரிய இடம் வேண்டும். காய்ந்ததும் ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டுங்கள். டொக்கென்று பொள்ளலாகக் கேட்டால் அன்றைக்கே பெயர்த்து ஒட்டச் சொல்ல வேண்டும், கூலி கொடுத்த பிறகு யாரும் வர மாட்டார்கள்.

மாட்டுகிற பலகைகள்

உண்மையான சைடிங்குக்கு நம் ஊரிலும் ஓர் இடம் இருக்கிறது. மொட்டைமாடியில் இரும்புச் சட்டம் நிறுத்தி எடுக்கிற கூடுதல் அறை. செங்கல் எடை தாங்காத இடத்தில் ஃபைபர் சிமெண்ட் பலகை கைகொடுக்கும். இந்தியத் தர விதியில் இதற்கு 'ஏ', 'பி' என்று இரண்டு வகை; வெயிலும் மழையும் நேரே படுகிற இடத்துக்கு 'ஏ' வகை. 'பி' வகை உள்ளே தடுப்புக்கு. விலை குறைவாகச் சொன்னால் எந்த வகை என்று கேளுங்கள். வெட்டிய ஓரங்களில் பிரைமர் அடிக்காமல் மாட்டினால் ஓரம் தண்ணீர் குடித்து ஊதும். பலகைக்குப் பின்னால் காற்று ஓட மேலும் கீழும் திறப்பு விட்டு, கீழ்த் திறப்புக்கு வலை அடியுங்கள், இல்லாவிட்டால் அணிலும் குளவியும் வாடகை தராமல் குடியிருக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுத்து இதற்குப் பயன்படுத்தலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

ஏ.சி.பி. என்கிற அலுமினியத் தகடு கடைகளின் முகப்பிலிருந்து வீடுகளுக்கு வந்துவிட்டது. இரண்டு மெல்லிய அலுமினியத் தாளுக்கு நடுவே இருப்பது சாதாரண ரகத்தில் பிளாஸ்டிக். லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தபோது, தீ மளமளவென்று மேலே ஏறியதற்கு இந்த வகைத் தகடுதான் முக்கியக் காரணம். வீட்டில் நான் மாட்ட மாட்டேன். மாட்டுவதென்றால் நடுவில் கனிமம் நிரப்பிய, தீ பரவாத ரகம். பி.வி.சி. (பிளாஸ்டிக்), டபிள்யூ.பி.சி. (மரத்தூள் கலந்த பிளாஸ்டிக்) பட்டைகள் படுக்கைவசத்தில் மேற்கு வெயிலில் நெளியும், நிறமும் போகும். போர்ட்டிகோவின் உள்கூரைக்கு நன்றாக இருக்கும், அங்கே போட்டுக்கொள்ளுங்கள். எச்.பி.எல். பலகை (தாள்களைப் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்வது) இவற்றில் உறுதியானது; ஆனால் சட்டமும் ஆள் கூலியும் சேர்ந்து விலை எங்கேயோ போய்விடும்.

பழைய வீடு வாங்கியவர்களுக்கு

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், வீரவநல்லூர் தெருக்களில் சுண்ணாம்புப் பூச்சு வீடுகள் இன்னும் இருக்கின்றன. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்த சாந்து. தாழையூத்தில் 1949-இலேயே சிமெண்ட் ஆலை வந்துவிட்ட சீமை இது, அதனால் அந்தக் கை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட சுவரில் உதிர்ந்த இடத்தைச் சிமெண்ட் வைத்து ஒட்டுப் போடாதீர்கள். சுண்ணாம்பும் மண்ணும் மென்மையானவை, ஈரத்தை விட்டுவிடுபவை. சிமெண்ட் விறைத்து நின்று ஈரத்தை அடைக்கும், பிறகு பாளமாக, பழைய பூச்சையும் பிடுங்கிக்கொண்டு விழும். சுண்ணாம்பாலேயே ஒட்டுப் போட்டு, மேலே சுண்ணாம்பு வெள்ளையடிப்பதே போதும். நாள் பிடிக்கும். வீட்டுக்கு நூறு வயது என்றால் நாமும் இரண்டு மாதம் பொறுக்கலாம்.

அளவும் செலவும்

30-க்கு 35 அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 130 அடி. பேஸ்மட்டம் மூன்று, சுவர் பத்து, கைப்பிடிச் சுவர் மூன்று, ஆக 16 அடி உயரம். 2,080 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 180 கழித்தால் 1,900. எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி வரும் என்று கொண்டால் சுமார் 35 லிட்டர். சொரசொரப்பான சுவர் என்றால் கூடும். இந்தக் கணக்கை நீங்களே போட்டு வைத்திருந்தால், 50 லிட்டர் வேண்டும் என்று சீட்டு வரும்போது ஏன் என்று கேட்கலாம். விலை கேட்கும்போது சதுர அடிக்குப் பொருள், கூலி, சாரம் மூன்றையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். மறுபடி பெயிண்ட் அடிக்கிற ஒவ்வொரு முறையும் சாரக் கூலி திரும்ப வரும், மாடி வீட்டுக்கு அது சின்னத் தொகை கிடையாது.

சாரம் பிரிக்கும் முன்

எல்லாம் முடிந்தது என்று மேஸ்திரி சொல்கிற நாளில் சாரத்தைப் பிரிக்க விடாதீர்கள். ஏறிப் பாருங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரை ஏற்றுங்கள். கைப்பிடிச் சுவரின் உச்சி மாடிப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் அழுக்குத் தண்ணீர் முகப்பில் கறுப்புக் கோடாக வழியும். சன்ஷேடின் அடிவிளிம்பில் விரல் வைத்துத் தடவுங்கள், நீர் சொட்டிப் போக ஒரு பள்ளம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீர் அடியோடு ஊர்ந்து சுவருக்கே வரும். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சிலிகான் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்புறம் தோட்டத்து ஓஸை எடுத்து, ஒவ்வொரு சுவரிலும் மேலிருந்து அரை மணி நேரம் தண்ணீர் அடியுங்கள். வீட்டுக்குள் ஒருவர் நின்று ஜன்னல் மூலைகளையும் பீம் ஓரங்களையும் கையால் தொட்டுப் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் டைல்ஸையெல்லாம் பெயர்த்துப் பூசி வெளிர் மஞ்சள் அடித்தபோது, இந்தச் சோதனையில் மாடி ஜன்னலின் இடது மூலை நனைந்தது. சாரம் நின்றதால் பத்து நிமிட வேலை. அடித்த பெயிண்டின் நிற எண்ணை மின்மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி, மீந்ததில் ஒரு லிட்டரை இறுக மூடி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிடுங்கள்.